வாக்கு யாருடையது?

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதப் புகும் எவரும் முதல் பத்தியிலேயே காளிதாசனை அழைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நகரங்களுள் தலையாயது காஞ்சி என்று பொருள்படும் வடமொழித் தொடரைச் சுற்றுலாக் கையேடுகளிலும் ஆன்மிக இதழ்களிலும் பட்டு விளம்பரங்களிலும் காணலாம். கவியின் பெயர் மறந்துபோகும் இடங்களில் அதுவே 'சாஸ்திர வாக்கு' என்றும் 'புராணம் சொல்வது' என்றும் உயர்ந்துவிடுகிறது.

காளிதாசனுடையவை என்று நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் இத்தொடர் இல்லை. மேகதூதத்தின் மேகம் இராமகிரியிலிருந்து வடக்கே அளகாபுரிக்குச் செல்கிறது. வழி வளைந்தாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டுப் போ என்று அதற்குச் சொல்லப்படும் நகரம் உஜ்ஜயினி. இரகுவம்சத்தில் இரகுவின் படை காவிரியைக் கடந்து பாண்டியரிடம் முத்துத் திறை கொள்கிறது. அங்கும் காஞ்சிக்கு இடமில்லை. பாரவியின் வாக்கு என்பாரும் உண்டு. எப்படியாயினும் இது புலவர் உலகில் உலவிய ஒரு நயமான புகழ்மொழி. வேதமோ புராணமோ அன்று. முத்தி தரும் ஏழு நகரங்களுள் ஒன்றாகக் காஞ்சியைப் புராண மரபு வைத்திருப்பது வேறு செய்தி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே ஊரில் நேர்மாறானதும் நடந்திருக்கிறது. கல்விக்குக் கரையில்லாத ஊர் என்ற புகழ்ச்சியை ஏதோ பழமொழி என்றோ யாரோ ஒரு புலவரின் பாராட்டு என்றோ பலர் எண்ணுகிறார்கள். அது அப்பர் வாக்கு. நான்காம் திருமுறையில் உள்ளது. நெசவாளர் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் திருமேற்றளி இறைவனைப் பாடிய பதிகத்தில் வருவது. குலமும் தேவனும் ஒன்றே என்ற கருத்தை அறிஞர் அண்ணாவின் முழக்கமாகவே இளைஞர் பலரும் அறிவர். 1909இல் காஞ்சியில் பிறந்த அண்ணா அதைத் திருமூலரிடமிருந்து எடுத்துக்கொண்டார். அது பத்தாம் திருமுறையான திருமந்திரத்தில் உள்ளது. ஆக, புலவர் புகழ்மொழி மறையாகிவிட்டது. திருமுறை வாக்கோ விளம்பர வாசகமாகவும் மேடை முழக்கமாகவும் ஆகிவிட்டது.

யார் சொன்னால் என்ன, கருத்து நன்றாயிருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஊர்ப்புகழ் வரையில் போதும்தான். எல்லா வாக்குகளும் அப்படித் தீங்கற்றவை அல்ல. கடைகளிலும் வீடுகளிலும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும் 'கீதாசாரம்' என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். நடந்தது, நடப்பது, நடக்கப்போவது யாவும் நன்மைக்கே என்று ஆறுதல் கூறுகிறது அது. பகவத் கீதையின் பதினெட்டு அத்தியாயங்களில், எழுநூறு சுலோகங்களில், அப்படியொரு சுலோகம் இல்லை. சொல்லப்போனால் கீதையின் சூழலே வேறு. வில்லைக் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டவனை எழுந்து செயலாற்று என்று தூண்டும் நூல் அது.

விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விலைபோவதால் தறியை நிறுத்திவிட்ட ஒரு நெசவாளியிடம், எல்லாம் நன்மைக்கே என்று ஒரு கவிஞர் சொன்னால், 'யாருக்கு நன்மை?' என்று அவர் திருப்பிக் கேட்கலாம். அதையே கண்ணன் வாக்கென்று சொன்னால் அவர் வாயடைத்துப் போகிறார். வாக்கு யாருடையது என்ற கேள்வி புலமைச் செருக்கன்று என்பது இங்கேதான் விளங்கும். இலக்கியத்தோடு நாம் வாதிடலாம், மறுக்கலாம், ரசித்துவிட்டு ஒதுக்கியும் விடலாம். அதற்கு மறையின் முத்திரை விழுந்த கணமே அந்த உரிமை நம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

இப்படிக் கேட்பதைத் தெய்வ நிந்தனை என்பவர்களுக்குக் காஞ்சியே விடை வைத்திருக்கிறது. கச்சியப்ப சிவாசாரியார் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றிய கதை இவ்வாசகர்கள் அறிந்ததே. முதலடியை முருகனே எடுத்துக்கொடுத்தான் என்பது மரபு. இருந்தும், அதன் முதற்சொற்களின் புணர்ச்சிக்கு விதி எங்கே என்று அவையில் ஒருவர் எழுந்து கேட்டார். அவரை யாரும் வெளியேற்றவில்லை, அரங்கேற்றம்தான் நின்றது. மறுநாள் வீரசோழியத்திலிருந்து விதி காட்டப்பட்ட பிறகே தொடர்ந்தது. வீரசோழியம் புத்தமித்திரர் என்ற பௌத்தர் இயற்றிய இலக்கணம். முருகன் வாக்குக்குப் பௌத்தர் நூல் சான்றானதில் அந்த அவைக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. கதை நிகழ்ந்ததோ இல்லையோ, அதைப் போற்றிச் சொல்லிவந்தவர்கள் சான்று கேட்பதைப் பக்திக்கு எதிராக எண்ணவில்லை என்பது தெளிவு.

நாம் செய்யவேண்டியது சிறிய காரியம்தான். 'சாஸ்திரம் சொல்கிறது' என்று எழுதுமுன் எந்த நூல், எந்தப் பகுதி என்று பார்க்கவேண்டும். கிடைக்காவிட்டால் 'வழங்கிவரும் வாக்கு' என்று எழுதினால் போதும். ஆசிரியர் பெயர் தெரியாததால் ஒரு நல்ல வரி தாழ்ந்துவிடாது. நம் தனிப்பாடல்களில் எத்தனையோ அப்படிப்பட்டவைதாம். ஜரிகையை உரசிப் பார்த்தே வாங்கிப் பழகிய ஊரில், மேற்கோளையும் ஒருமுறை உரசிப் பார்ப்பது அதிகப்படியான வேலை ஆகாது.