நஞ்சை உணரும் நுண்முனை

உண்ணும் உணவு நல்லதா, கெட்டதா என்று தேர்ந்து பார்ப்பதற்கு நம் முன்னோரிடம் இருந்த கருவிகள் மூன்றே: கண், மூக்கு, நாக்கு. பால் திரிந்தால் கண் சொல்லும். குழம்பு ஊசினால் மூக்கு சொல்லும். எண்ணெயில் காறல் தட்டினால் நாக்கு சொல்லும். இம்மூன்றும் இன்றும் நமக்குத் துணை நிற்பவையே. ஆயினும், வயல்தோறும் பூச்சிமருந்து தெளிக்கப்படும் இக்காலத்தில், இவற்றின் காவலுக்குத் தப்பி அடுக்களைக்குள் நுழையும் நஞ்சுகளும் உண்டு. காய்கறியின் தோலில் எஞ்சி நிற்கும் சிறிதளவு மருந்தை எந்த மூக்கும் மோந்து அறிய இயலாது.

2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், பீகார் மாநிலத்தின் சரண் மாவட்டத்தில் தர்மசதி கண்டாமன் என்னும் சிற்றூரில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் மதிய உணவு உண்ட பிள்ளைகளுள் 23 பேர் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் கொடிய பூச்சிமருந்து கலந்திருந்தது. தடய அறிவியல் ஆய்வகத்தின் இம்முடிவு வெளியானது ஜூலை 20-ஆம் நாள். தட்டில் சோறு விழுமுன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, குழி மூடிய பின்னரே தெரிய வந்தது.

ஆய்வகத்தின் மீது குறை கூறுவதற்கில்லை. உணவிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து, எடைபோட்டு அடையாளம் காட்டும் பெரும் பொறிகள் அங்கு உள்ளன. அவற்றின் தீர்ப்பு உறுதியானது. ஆனால், அவை விலை மிகுந்தவை; பயிற்சி பெற்றவர் கை வேண்டுபவை; சிற்றூர்ப் பள்ளியின் அடுப்படிக்கு வர இயலாதவை. ஆகவே, கைக்கு அடக்கமான, சில நிமிடங்களில் விடை தரக்கூடிய கருவியை அறிஞர்கள் தேடி வருகின்றனர். அவற்றுள் ஒன்றே மின்வேதி உணரி.

பெயரைக் கண்டு மருள வேண்டா. இதன் உறவினர் ஒருவர் நம் இல்லங்களில் ஏற்கனவே இடம் பிடித்துவிட்டார். நீரிழிவு நோயாளர் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்க்கும் சிறு கருவியே அது. அதன் தாளில் பூசப்பட்டுள்ள என்ஸைம் எனப்படும் நொதிப்பொருள், இரத்தத்திலுள்ள சர்க்கரையோடு வினைபுரிகிறது. அவ்வினையால் மிகச் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அம்மின்னோட்டத்தை அளந்து கருவி எண்ணாகக் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் இவ்வாறு இணைக்கும் வழியை 1962-இல் உலகுக்குக் காட்டியவர் லேலண்ட் கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர்.

பூச்சிமருந்தை அறிவதற்கும் இதே வழிதான். ஆனால் சற்றுத் தலைகீழாக. நம் நரம்பு தசைக்கு ஆணையிடும்போது அசெட்டைல்கோலின் என்னும் பொருள் சுரக்கிறது. ஆணை நிறைவேறியதும் ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடுகிறது. மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் அந்நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. ஆணை ஓயாது ஒலிக்க, தசைகள் துடித்துத் தளர்கின்றன, மூச்சும் நின்றுபோகிறது. உடலில் நஞ்சு தாக்கும் இந்நொதியையே அறிஞர்கள் மின்முனையின் மீது பதிக்கின்றனர். பெரும்பாலும் மின்விலாங்கு என்னும் தென் அமெரிக்க மீனிலிருந்து இது பெறப்படுகிறது. தூய நீரில் நொதி நன்றாக வேலை செய்யும், மின்னோட்டம் மிகும். நஞ்சு கலந்த நீரிலோ நொதி ஓய்ந்துவிடும், மின்னோட்டம் குறையும். குறைந்த அளவே நஞ்சின் அளவைக் காட்டும்.

இங்கேதான் நானோ பொருள்கள் வந்து உதவுகின்றன. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா விளக்கிய கரிக்குழல்களுள் பல, சில நானோமீட்டர் விட்டமே உடையவை. இத்தகைய குழல்களையோ நுண்ணிய தங்கத் துகள்களையோ மின்முனையில் பரப்பினால், நொதி அமர்வதற்கு இடம் பெருகுகிறது. மின்னும் எளிதாகப் பாய்கிறது. வழவழப்பான திண்ணையில் பத்துப் பேர் அமர்ந்த இடத்தில், படிக்கட்டு அமைத்து நூறு பேரை அமர்த்துவது போன்றது இது. இதனால் நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு நஞ்சையும் ஆய்வகங்களில் உணர முடிந்துள்ளது.

குறைகளும் இல்லாமல் இல்லை. நஞ்சு உண்டு என்று இக்கருவி சொல்லுமேயன்றி, இன்ன மருந்து என்று பெயர் சொல்லாது. உணவிலுள்ள கொழுப்பு மின்முனையில் படிந்து கணக்கைக் குழப்பும். எண்ணெயை அப்படியே சோதிக்க இயலாது. அதிலுள்ள மருந்தை முதலில் பிரித்தெடுத்தாக வேண்டும். நொதியோ வெப்பத்தில் வீரியம் இழக்கும். எனவே, இவ்வகைக் கருவிகளுள் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகப் படியைத் தாண்டவில்லை. தாண்டும் நாள் வரட்டும், வரவேற்போம்.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கண்டாமன் பள்ளியில் எண்ணெயின் நெடியும் தோற்றமும் சரியில்லை என்று சமையற்காரப் பெண்மணியே எடுத்துச் சொன்னதாக அந்நாளைய செய்திகள் கூறின. பிள்ளைகளும் கறியின் சுவை மாறியிருப்பதாகச் சொன்னார்களாம். அப்படியாயின், எளிய உணரிகள் அன்றே எச்சரித்தன. எச்சரிக்கையைக் கேட்க ஆளில்லை. கூலிக்குச் சமைக்கும் பெண்ணின் சொல்லுக்கும் குழந்தையின் சொல்லுக்கும் மதிப்பில்லாத இடத்தில், தங்கத் துகள் பூசிய கருவியின் சொல் மட்டும் எப்படி எடுபடும்?

ஆதலால், கருவி வரும் வரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். பூச்சிமருந்து இருந்த டப்பாவையோ புட்டியையோ எத்தனை முறை கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. மருந்தை உணவுப் பொருள்களோடு ஒரே அறையில் வைக்கலாகாது. உண்டவருக்கு வாய்நீர் பெருகி, வியர்த்து, கண்மணி சுருங்கி, மூச்சு முட்டினால், ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஐயத்துக்குரிய மருந்தின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அட்ரோப்பின் என்னும் மாற்று மருந்து உரிய வேளையில் கிடைத்தால் உயிர் பிழைக்க வழியுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, உணவில் ஏதோ சரியில்லை என்று வீட்டிலுள்ள சிறு பிள்ளை முகம் சுளித்தாலும், அதட்டி ஊட்டாமல், தட்டை வாங்கி ஒருமுறை பாருங்கள்.