நடுக்கடலில் இணையம்

கடல் காணாத சமவெளியாயினும், நாமக்கல்லின் முட்டைகள் குளிரூட்டிய கொள்கலன்களில் வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுவதால், நடுக்கடலில் இணையம் கிடைக்குமா என்ற கேள்வி இவ்வட்டார வணிகருக்கும் உரியதே. கப்பல்கள் நெடுங்காலம் நம்பியிருந்த புவிநிலைச் செயற்கைக்கோள், அதாவது 35,786 கி.மீ. உயரத்தில் பூமியின் சுழற்சியோடு இசைந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் கோள், செய்திக்கு மறுமொழி கொண்டுவர அரை நொடியை விழுங்கிவிடுகிறது. ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில் இயங்கும் ஸ்டார்லிங்க், 1,200 கி.மீ. உயரத்தில் இயங்கும் ஒன்வெப் ஆகிய செயற்கைக்கோள் இணையச் சேவைகளில் அத்தாமதம் நொடியின் சிறு துளியாகச் சுருங்குகிறது. ஆனால் இத்தகைய தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடுவதால், அலையில் உருளும் கப்பலின் ஆன்டெனா இணைப்பு அறுபடாமல் அடுத்த கோளுக்குத் தாவியாக வேண்டும். கப்பலின் கம்பங்களும் அடுக்கிய கொள்கலன்களும் வானை மறைக்கும். பெருமழை சமிக்ஞையை நலிவிக்கும். மொட்டைமாடியில் அளந்த வேகம் இங்கே செல்லாது.

இதில் இந்தியாவுக்கும் பங்குண்டு: ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது இஸ்ரோவே. கப்பல் இணையத்துக்கான இந்திய விதிகள் 2018 டிசம்பரிலேயே வந்துவிட்டன. மாலுமிகளுக்கு இயன்றவரை இணைய வசதி தரப்பட வேண்டும் என்னும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைத் திருத்தமும் 2024 டிசம்பர் 23 முதல் நடப்பில் உள்ளது. விதிகளுக்குக் குறைவில்லை; இனித் தேவை கடலிலேயே அளந்த சான்று. தூத்துக்குடியிலிருந்து புறப்படும் சரக்குக் கப்பல்களில், வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே, இந்தச் செயற்கைக்கோள் இணையச் சேவைகளைச் சோதித்து, இணைப்பு அறுந்த நேரங்களையும் மறைக்காமல் மத்திய அரசு வெளியிட வேண்டும்.