ஃப்ளைட் சிமுலேட்டருக்கு கம்ப்யூட்டர் வாங்கறீங்களா? கிராஃபிக்ஸ் கார்டுல ஆரம்பிக்காதீங்க

எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னு பேசற இடத்துல விமானம் ஓட்டற கம்ப்யூட்டருக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. ரெண்டரை லட்சம் ரூபாயைத் தொடற எந்தச் செலவா இருந்தாலும் அதைப் பத்தி இங்கே பேசலாம்ங்கறது என் கட்சி. அதோட, ஞாயித்துக்கிழமை காலையில மீனம்பாக்கத்துல ஏறி கோயம்புத்தூர்ல இறங்கற ஆசாமி நான். வீட்டுல உட்கார்ந்துதான்!

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சிமுலேட்டருக்குன்னு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவங்கள்ல நிறைய பேர் பணத்தைத் தப்பான பாகத்துல கொட்டறாங்க. காசு பத்தாம இல்லை, போற இடம் தப்பா இருக்கு.

எங்க ஆபீஸ்ல கணக்கு பார்க்கற ஒரு க்ளையன்ட், சின்னதா வியாபாரம் பண்றவர், ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில வாங்கின கொட்டேஷனோட வந்தார். பையன் பிளஸ் டூ. பைலட் ஆகணும்னு ஆசை. மொத்தம் 2,40,000 ரூபாய். அதுல கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் 1,10,000. ப்ராசஸர் 22,000. ரேம் 16 ஜிபி. மானிட்டர் 240 ஹெர்ட்ஸ், 28,000 ரூபாய். ஜாய்ஸ்டிக்? இல்லவே இல்லை. விமானம் ஓட்டற கம்ப்யூட்டர்ல விமானத்தைத் திருப்பறதுக்கு ஒரு பிடி இல்லை! கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. 'கேமிங் பிசி'ன்னு கேட்டா அவர் கேமிங் பிசிதான் கொடுப்பார்.

சிஏ படிச்சவங்களுக்கு காஸ்டிங் பேப்பர்ல வர்ற 'கீ ஃபேக்டர்' ஞாபகம் இருக்கும். ஒரு பட்டறையில ரெண்டு மெஷின். முதல் மெஷின் மணிக்கு 40 பீஸ், அடுத்தது 100 பீஸ். ரெண்டாவதை வித்துட்டு மணிக்கு 200 பீஸ் போடற மெஷின் வாங்கினாலும் வெளியே வர்றது 40 பீஸ்தான். எது இழுத்துப் பிடிக்குதோ அதுக்குச் செலவு பண்ணணும்.

சிமுலேட்டர்ல இழுத்துப் பிடிக்கறது பெரும்பாலும் ப்ராசஸர். துப்பாக்கிச் சண்டை கேம்ல காட்சியை வரையறதுதான் பெரிய வேலை, அதை கிராஃபிக்ஸ் கார்டு பார்த்துக்கும். இங்கே இறக்கை மேல காத்து எப்படிப் போகுது, இன்ஜின், எரிபொருள், காக்பிட்ல இருக்கற அஞ்சாறு திரை, ஏர்போர்ட்ல நகர்ற மத்த விமானங்கள்னு எல்லாத்தையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ப்ராசஸர் கணக்குப் போடணும். இதுல பெரும்பங்கு 'மெயின் த்ரெட்'ங்கற ஒரே வரிசையில போகுது. அதனால 16 கோர் இருக்கா, 24 கோர் இருக்காங்கறது பெரிய விஷயமில்லை. ஒரு கோர் எவ்வளவு வேகம்ங்கறதுதான் விஷயம்.

சின்னதா ஒரு கணக்கு. பெரிய ஏர்போர்ட்ல நிக்கறீங்க. ஒரு ஃபிரேமுக்கு ப்ராசஸர் 30 மில்லிசெகண்ட் எடுக்குது, கார்டு 12 மில்லிசெகண்ட். உங்களுக்குக் கிடைக்கறது விநாடிக்கு 33 ஃபிரேம். ஒரு லட்சம் போட்டு கார்டை மாத்தி அந்த 12-ஐ 6 ஆக்கினா? அதே 33. எழுபதாயிரம் எல்ஈடி லைட் வாங்கி டிரான்ஸ்ஃபார்மரை மாத்தாம விட்ட கதைதான்.

ஏற்கெனவே வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தா இதை நீங்களே பார்க்கலாம், பைசா செலவில்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் செட்டிங்ஸ்ல டெவலப்பர் மோடை ஆன் பண்ணி, ஃபிரேம் ரேட் காட்டற பெட்டியைத் திறங்க. 'லிமிடெட் பை மெயின் த்ரெட்'னு வந்தா ப்ராசஸர்தான் பிரச்சினை. 'லிமிடெட் பை ஜிபியு'ன்னு வந்தா மட்டும் கார்டைப் பத்தி யோசிங்க. எக்ஸ்-பிளேன்லயும் ப்ராசஸர் எடுக்கற நேரம், கார்டு எடுக்கற நேரம் ரெண்டையும் தனித்தனியா பார்க்க வசதி இருக்கு. கம்ப்யூட்டரே இல்லாதவங்க, ஃபிரண்டு வீட்டுல எக்ஸ்-பிளேனோட இலவச டெமோவைப் போட்டு ஒரு தடவை பார்த்துடுங்க. கூடவே, பையனுக்கு ஆர்வம் ஒரு மாசமாவது தாங்குதான்னும் தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு. 2024 நவம்பர்ல வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-க்கு அவங்களே பரிந்துரைக்கற கார்டு என்ன தெரியுமா? ஆர்டிஎக்ஸ் 2080. அது 2018-ல வந்தது. ஆனா அதே பட்டியல்ல ரேம் 32 ஜிபி, இன்டர்நெட் 50 எம்பிபிஎஸ். குறைந்தபட்சத் தேவையே 16 ஜிபி. அப்போ நம்ம கொட்டேஷன் கார்டுல பரிந்துரையைத் தாண்டி எங்கேயோ போய், ரேம்ல கடைசிப் படியில நிக்குது. 2025 கடைசியில இருந்து ஏஐ டேட்டா சென்டர்களோட தேவையால ரேம் விலை ஏறினதால, கடைகள் மொத்த விலையை அழகா காட்ட முதல்ல கை வைக்கற இடம் இதுதான். அங்கே குறைச்சா பெரிய ஏர்போர்ட்ல இறங்கும்போது படம் திக்கித் திக்கி நிக்கும்.

என்கிட்ட அந்த 2,40,000-ஐக் கொடுத்தா நான் எப்படிப் பிரிப்பேன்? முதல்ல ப்ராசஸர். ஏஎம்டி-யோட 'எக்ஸ்3டி'ன்னு முடியற வரிசைல, ரைசன் 7 7800எக்ஸ்3டி மாதிரி ஒண்ணு. அதுல 96 எம்பி எல்3 கேஷ் இருக்கு. அடிக்கடி தேவைப்படற தகவலை ரேம் வரைக்கும் போகாம பக்கத்துலயே வச்சுக்கறதால சிமுலேட்டர்ல நல்லாவே வித்தியாசம் தெரியும். ரேம் 32 ஜிபி. கார்டு நடுத்தரம் போதும், ஆனா அதோட சொந்த மெமரி 12 ஜிபியாவது இருக்கட்டும். எட்டுன்னா டெக்ஸ்சரை ஏத்தின உடனே நிறைஞ்சுடும். ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. மானிட்டர் 60-75 ஹெர்ட்ஸ் தாராளம். சிமுலேட்டர்ல 35, 40 ஃபிரேம் சீரா வந்தாலே சுகமா ஓட்டலாம், 240 ஹெர்ட்ஸ் திரைக்கு இங்கே வேலையே இல்லை. மிச்சத்துல ஜாய்ஸ்டிக். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ மாதிரி ஒண்ணு போதும், பிடியைத் திருகினா ரட்டர் வேலை செய்யும். கீபோர்டுல 'அல்ட்ரா' மேகம் பார்க்கறதை விட ஜாய்ஸ்டிக்ல 'மீடியம்' மேகம் பார்க்கறது ஆயிரம் மடங்கு மேல்.

இதுக்கு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லணும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசைல இருந்து வர்ற கார்டுகள் ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல ஒண்ணைத் தானே உருவாக்கிப் போடும். ப்ராசஸர் திணறும்போது இது நிஜமாவே உதவுது. ஆனா அந்த வசதி அந்த வரிசையோட நடுத்தரக் கார்டுலயும் இருக்கு, அதுக்காக லட்ச ரூபாய் கார்டு தேவையில்லை. விஆர் ஹெட்செட் போட்டோ, 4கே திரையிலயோ ஓட்டப்போறீங்கன்னா மட்டும் என் கணக்கு தலைகீழாகும், அங்கே கார்டுதான் ராஜா.

லேப்டாப் வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் விலை இல்லை. 2017-ல ஏஎம்4 சாக்கெட் போர்டு வாங்கின பலர், 2022-ல வந்த 5800எக்ஸ்3டி-யை பயாஸ் அப்டேட் பண்ணி அதே போர்டுல மாட்டினாங்க. மனை சரியா இருந்தா மாடி அப்புறம் கட்டிக்கலாம். லேப்டாப்ல அந்த வழி கிடையாது.

சரி, பணத்துக்கு வருவோம். 'நோ காஸ்ட் ஈஎம்ஐ'ல மாசம் 20,000, 12 மாசம்னு கடைக்காரர் சொல்லியிருந்தார். பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சர்க்குலர்ல சொல்லிடுச்சு. கார்டுல வருஷம் 15% வட்டின்னு வச்சுக்கோங்க. அந்த 2,40,000-க்குள்ள சுமார் 18,400 வட்டி ஒளிஞ்சிருக்கும், அதை டிஸ்கவுண்ட்னு கழிச்சுக் காட்டுவாங்க. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 3,300 ரூபாய், உங்க ஸ்டேட்மென்ட்லதான் வரும். பிராசஸிங் ஃபீஸ் தனி. மொத்தமா கையில கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்கன்னு கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

அடுத்து அவர் கேட்டது, நீங்களும் கேக்கப்போறது: "சார், கம்பெனி பேர்ல பில் போட்டுக்கலாமா?" 2,40,000-க்குள்ள 36,610 ரூபாய் ஜிஎஸ்டி இருக்கு, ஆசை வரத்தான் செய்யும். ஆனா இன்புட் கிரெடிட் வியாபாரத்துக்குப் பயன்படற பொருளுக்குத்தான். கம்ப்யூட்டருக்கு 40% தேய்மானமும் அப்படித்தான். பையன் ரூம்ல ஜாய்ஸ்டிக்கோட இருக்கற கம்ப்யூட்டர் எந்த வியாபாரத்துக்கு? நோட்டீஸ் வந்தா பதில் எழுத வேண்டியவன் நான். அதனால முடியாதுன்னு சொல்லிட்டேன்.

கரன்ட் பில்லையும் ஒரு நிமிஷம் பாருங்க. 400 வாட், தினம் ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 48 யூனிட். கேக்க கம்மிதான். ஆனா கூடவே ரூம் ஏசி ஓடும். ஏற்கெனவே 460, 470 யூனிட்ல இருக்கற வீடுன்னா 500-ஐத் தாண்டிடும், தாண்டினா ஸ்லாப் அட்டவணையே வேற. சாதாரண 600 விஏ யூபிஎஸ் இந்தப் பெட்டியைத் தாங்காது, அதுக்கும் பணம் ஒதுக்குங்க.

கடைசியா, 'படிப்புக்கு முதலீடு'ங்கற பேர்ல இதை வாங்கற அப்பா அம்மாக்களுக்கு. டிஜிசிஏ-வோட கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்த அனுபவம் வேணும். வீட்டு சிமுலேட்டர்ல ஓட்டின ஒரு நிமிஷம்கூட அதுல சேராது. செக்லிஸ்ட் மனப்பாடம் ஆகும், மீட்டர்களை வரிசையா பார்க்கற பழக்கம் வரும், அது நல்லதுதான். அதுக்கு 30 ஃபிரேம் ஓடற சாதாரண கம்ப்யூட்டர் போதும். அதை விட முக்கியம், பையனையோ பொண்ணையோ முதல்ல டிஜிசிஏ அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட கிளாஸ் 2 மெடிக்கலுக்கு அழைச்சுட்டுப் போங்க, அப்புறம் கிளாஸ் 1. நிறக்குருடு மாதிரி விஷயமெல்லாம் அங்கேதான் தெரியவரும். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததுக்கு அப்புறம் கொட்டேஷன் வாங்குங்க.