உறவினர் இல்லமும் இடைவழியும்

விழா நாளிலும் விடுமுறையிலும் உறவினர் இல்லம் நாடிச் செல்லுதல் தமிழ் மக்களின் நெடுநாளைய வழக்கம். முற்காலத்தில் குடும்பத்தார் கூண்டு வண்டி பூட்டி, கட்டுச்சோறும் நீர்ச்செம்பும் உடன்கொண்டு புறப்படுவர். மாடுகள் இளைப்பாறும் இடந்தோறும் வண்டி நிற்கும். நின்ற இடத்தில் குளமோ கோயிலோ சத்திரமோ இருக்கும்; அதன் வரலாற்றை எடுத்துரைக்க முதியவர் ஒருவரும் இருப்பார். மேலை நாடுகளில் இன்று படுக்கையும் அடுப்பும் அமைந்த உந்து வண்டிகளிற் பல நாள் பயணம் செய்யும் குடும்பங்கள் உள. அவர்களும் உறவினரைக் காண்பதோடு, சாலையோரத்துப் பழஞ்சின்னங்களையும் நின்று கண்டு செல்கின்றனர். இங்கோ, வண்டியின் விரைவு பெருகப் பெருக, இடையில் நிற்கும் வழக்கம் அருகி வருகின்றது. புறப்படும் இடமும் சேரும் இடமுமே பயணம் என்று கருதுவது பொருந்தாது. இடைவழியும் பயணத்தின் பகுதியே. கல்வி மிகுந்த பகுதியும் அதுவே.

இதற்குச் சென்னைச் சாலை ஒன்றே போதிய சான்றாகும். மயிலாப்பூரில் வாழும் குடும்பம் ஒன்று, தியாகராய நகரிலுள்ள அத்தை வீட்டிற்கும், அங்கிருந்து தாம்பரத்திலுள்ள பாட்டனார் வீட்டிற்கும் செல்வதாகக் கொள்க. வழியின் தொலைவு முப்பது கிலோமீட்டருக்கும் குறைவே. ஆயினும், அவ்வழியில் அமைந்துள்ள வரலாறோ மிக நீண்டது.

தியாகராய நகர் 1920-களில் உருவாகியது. அதற்கு முன் அங்கே நீண்டதோர் ஏரி இருந்தது. அதன் நீரை வடித்து நிலமாக்கி, வீதிகள் வகுத்தனர். அருகிலுள்ள மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஏரி மறைந்தது, ஏரியை நோக்கிய சாலையின் பெயர் மட்டும் எஞ்சியது. மழைக்காலத்தில் இப்பகுதியில் நீர் தேங்குவது ஏன் என்று வினவும் சிறுவனுக்கு, அப்பெயர் விடையின் ஒரு பகுதியைக் கூறிவிடும்.

அடுத்து வருவது சைதாப்பேட்டை. அங்கே அடையாற்றின் குறுக்கே 1726-ஆம் ஆண்டிற் பாலம் ஒன்று எழுந்தது. அதனைக் கட்டியவர் அரசர் அல்லர். ஆர்மீனிய நாட்டு வழிவந்த உஸ்கான் என்னும் வணிகர். தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, வழிப்போக்கர் நலம் கருதி அவர் அதனை அமைத்தார். பழைய பாலம் இன்று இல்லை. அதன் இடத்தில் 1966-இல் திறக்கப்பட்ட புதிய பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பழம் பாலத்தின் கல்வெட்டு மட்டும் எஞ்சியுள்ளது. நாள்தோறும் எண்ணற்றோர் பாலத்தைக் கடக்கின்றனர்; அக்கல்லை நோக்குவோர் மிகச் சிலரே.

மேலும் சென்றால் பரங்கிமலை தோன்றும். அம்மலைக்குப் படிகள் அமைத்தவரும் அவ்வணிகரே. அம்மலையருகில்தான் 1802-இல் லாம்டன் என்பார் சற்றொப்பப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கினார். அவ்வளவை பல்லாண்டு நடந்து இமயத்தை எட்டியது. அதன் தொடர்ச்சியாகவே எவரெஸ்ட் சிகரத்தின் உயரமும் கணக்கிடப்பட்டது.

அதற்கப்பால் உள்ளது பல்லாவரம். அங்கே ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உளது. இன்று அது முஸ்லிம் மக்கள் போற்றும் தர்காவாக விளங்குகின்றது. அவ்வூரிலேயே 1863-இல் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் புட் பழங்கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார். எழுத்தும் உழவும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அச்சிறு கல் சான்றாயிற்று.

"உறவினரைக் காணச் செல்லும்போது கல்லைக் காண நேரம் ஏது?" என்பார் உளர். ஓரிடத்திற்குக் கால் மணி நேரம் போதும். அன்றியும், உறவும் வரலாறும் ஒன்றற்கொன்று பகையல்ல. தாம்பரம் சேர்ந்தபின், சைதாப்பேட்டைக் கல்லைக் கண்டதாகப் பேரன் கூறட்டும். பழைய பாலத்தின் மீது நடந்த தம் இளமையைப் பாட்டனார் அப்பொழுது நினைவுகூரக் கூடும். கல் கூறாத செய்தியை அவர் கூறுவார். கேட்பவர் இல்லையேல், அச்செய்தி அவரோடு மறைந்துபோகும்.

கல்லுக்கும் அத்தகைய இடர் உண்டு. சாலையை அகலப்படுத்தும்போது, இன்னதென்று எவரும் அறியாத கல்லே முதலிற் பெயர்த்தெறியப்படும். ஊரார் அறிந்த கல்லைக் காக்கப் பலர் முன்வருவர். ஆதலின், சின்னங்களைக் காப்பதற்குச் சட்டம் மட்டும் போதாது. அறிந்த கண்களும் வேண்டும். அத்தகைய கண்களைப் பெறுவதற்கு ஏற்ற பருவம் மாணவப் பருவமே.

ஆகவே, அடுத்த விடுமுறையில் உறவினர் ஊருக்குப் புறப்படும் மாணவர், வழியிலுள்ள பழஞ்சின்னம் ஒன்றையேனும் முன்னரே கேட்டறிந்து, அங்குச் சிறிது நிற்குமாறு பெற்றோரை வேண்டுதல் நன்று. வழிபாட்டிடமாயின் அதன் ஒழுங்கைப் போற்றுக. எவ்விடத்தும் கல்லில் தம் பெயரைக் கீறாதிருக்க. கண்டதைக் குறித்துக்கொண்டு, சென்ற வீட்டு முதியோரிடம் கூறி, அவர் கூறுவதையும் எழுதிக்கொள்க. உறவினர்க்குக் கொண்டு செல்லும் பழமும் பூவும் இரண்டு நாளில் வாடும். அவ்வாறு எழுதிக்கொண்ட குறிப்போ குடும்பத்திற்கும் ஊருக்கும் நெடுங்காலம் பயன்படும்.