அடுத்திருப்பவர் வீட்டுக்குள் விடும் வெள்ளம்

சின்னமலைத் திருத்தலத்தை நாடிச் செல்லும் நம்மில் பலர், மறைமலை அடிகள் பாலத்தின்மேல் நின்று அடையாற்றைக் கண்டிருப்போம். கோடையில் அதனை ஆறு என்றழைக்கவும் மனம் வராது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் வினாடிக்கு 29,000 கன அடி நீர் அதில் திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டைக் குடிசைகளோடு மணப்பாக்கத்து மாடிவீடுகளும் மூழ்கின. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, இதனை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறித்தது. எந்த மனிதர்?

ஆற்றுப் புறம்போக்கில் குடியிருந்தோரே ஆக்கிரமிப்பாளர் எனக் கண்டு, அவர்களுள் பல குடும்பங்களைத் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அகற்றினர். வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்தில். வீடு மட்டும் புதிய இடத்தில். பெருமழை பெய்தால் அங்கும் நீர் தேங்குகிறது என்பது கசப்பான வேடிக்கை.

பட்டா நிலத்தில் கட்டியவரை எவரும் ஆக்கிரமிப்பாளர் என்பதில்லை. வருவாய்த்துறை வரைபடத்தில் ஆறு என்பது கோட்டுக்குள் அடங்கிய ஒரு புல எண். வெள்ளக்காலத்தில் அது விரிந்து படுக்கும் வெளியோ கோட்டுக்கு அப்பால் கிடக்கிறது. நேற்று வயல், இன்று மனை. அங்குக் கட்டுவதற்கு வெள்ளப் பாதிப்புக் குறித்துத் தடையின்மைச் சான்று கேட்கப்படுகிறது. மண் கொட்டி மனையை இத்தனை உயரம் உயர்த்துக என்பது அச்சான்று வழக்கமாக விதிக்கும் நிபந்தனை. அங்கிருந்து விலகிய நீர் வானத்துக்கா போகும்? தாழக்கிடக்கும் அடுத்த வீட்டுக்குள் போகும். எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று ஆண்டவரிடம் கேட்டவனின் கதையைப் பீடத்தின்முன் கேட்கும் நாம், இச்சான்றைச் சட்டப்படியானது என்று சொல்லி நிம்மதி கொள்ள முடியுமா?

சென்னைப் பெருநகர்த் திட்டப்பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரிக்கப்பட்டது. ஓர் ஊராட்சி தடுத்ததை அடுத்த ஊராட்சி அனுமதிக்கும் நிலைக்கு இனிச் சாக்கில்லை. 2046 வரைக்கென வகுக்கப்படும் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் அடையாறு, கூவம், கொசத்தலையாறு ஆகியவற்றின் வெள்ளவெளி வரையப்பட வேண்டும். அதற்குள் மண் கொட்டுவது, பட்டா இருப்பினும், தடைசெய்யப்பட வேண்டும். ஓய்வூதியப் பணத்தில் ஒரு மனை வாங்கியவர் என்ன செய்வார் என்பீர்கள். நேர்மையான கேள்வி அது. அவருக்கு ஈடு தருவது அரசின் கடன். மனைப்பிரிவு போட்டு விற்றவருக்கு அந்தப் பரிவு தேவையில்லை.

நம் பங்குகளும் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. புதுக் கட்டடத்தை மந்திரிக்கும் நாளில் சான்று உண்டா என்று கேட்கிறோம். எத்தனை அடி மண் கொட்டினோம், மதிலுக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.