இன்ஷூரன்ஸ் ஹராம் என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறுகிறவர்களுக்கு



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் மதரஸாவுக்கு வந்தார். வயது இருபத்தைந்து. எட்டு ஆண்டுகள் ஓடிய 1197 சி.சி. பெட்ரோல் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கியிருந்தார். பாதிப் பணம் கையிருப்பு, மீதி ஃபைனான்ஸ். இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கும் காலம் நெருங்க, ஏஜெண்ட் பதினான்காயிரம் ரூபாய் சொல்லியிருக்கிறார். மாணவர் நம்மிடம் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், இன்ஷூரன்ஸ் ஹராம்தானே? போடாம ஓட்டினா குத்தமில்லையே?"

நாம் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டோம். "தம்பி, பதினொரு மாதமாக வட்டியோடு தவணை கட்டி வருகிறீரே, அதற்கு யாரிடம் ஃபத்வா கேட்டீர்?" அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவராவது வந்து கேட்டார். நம் ஊர்களில் எத்தனையோ இளைஞர்கள் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள். பணம் கொடுக்க மனமில்லாத இடத்தில் மட்டும் மார்க்கம் நினைவுக்கு வருவது ஒரு நோய். அந்த நோய்க்குப் பேணுதல் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அதைத்தான் இங்கே கண்டிக்கிறோம்.

மார்க்கத்தின் நிலையை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். வணிக இன்ஷூரன்ஸில் என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாத 'ஃகரர்' இருக்கிறது. திரட்டப்படும் பணம் வட்டியில் முதலீடு செய்யப்படுகிறது. இக்காரணங்களால்தான் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985ஆம் ஆண்டு தன் இரண்டாவது அமர்வில் வணிக இன்ஷூரன்ஸ் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையே ஆகுமானது என்றும் தீர்மானித்தது. இதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஓர் அரசு சட்டத்தின் மூலம் கட்டாயப்படுத்தும் அளவை, வேறு வழியில்லாதபோது செலுத்துவது குற்றமாகாது என்று ஆலிம்களில் பலர் விளக்கியிருக்கிறார்கள். முதல் செய்தியை மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவதைக் காதில் வாங்குவதே இல்லை.

நம் நாட்டில் கட்டாயம் எது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 146. மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது 'தேர்டு பார்ட்டி' இல்லாமல் எந்த வண்டியையும் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின், மீறினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அபராதத்தைக் காட்டி அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. அந்தப் பெயரைச் சற்று நிதானித்துப் படியுங்கள். மூன்றாம் நபர். காரின் உரிமையாளர் முதல் நபர், நிறுவனம் இரண்டாம் நபர். மூன்றாமவர் யார்? சைக்கிளில் பால் கொண்டு போகிறவர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை. அந்தக் காகிதம் உமக்கான பாதுகாப்பன்று. சாலையில் நடக்கும் அந்நியருக்கு உம் மீதுள்ள உரிமை. இன்ஷூரன்ஸ் போடாமல் ஓட்டுகிறவர் விட்டுக்கொடுப்பது தமது நலனை அல்ல, பிறர் நலனை. அதற்கு எவருக்கும் அதிகாரமில்லை.

தவறுதலாக ஓர் உயிர் போனால் 'தியத்' எனும் இழப்பீடு கடமை என்பது சூரா அன்னிஸாவின் 92ஆம் வசனத்தில் இருக்கிறது. மதரஸாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சுமையை ஒரு தனி மனிதரின் தலையில் மட்டும் வைக்காமல் அவருடைய 'ஆகிலா'வான உறவினர் கூட்டம் பகிர்ந்து சுமக்க வேண்டும் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவரின் வழக்கில் தீர்ப்பளித்தார்கள். இன்று விபத்து நேர்ந்தால் எந்த ஆகிலா வந்து நிற்கிறது? சித்தப்பாவும் மாமாவும் கைப்பேசியை அணைத்துவிடுகிறார்கள். (ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை நாம் இங்கே கொண்டுவரப் போவதில்லை. அது கட்டப்படாத ஒட்டகத்தைப் பற்றியது. நாம் பேசுவது அவிழ்ந்த ஒட்டகம் யாரை மிதித்தது என்பதைப் பற்றி.)

மிதிபட்டவருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கும்? இதையும் கணக்காகவே பார்த்துவிடுவோம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் முப்பத்தைந்து வயதுக் கொத்தனார் ஒருவர். மனைவி, இரு பிள்ளைகள், வயதான தாய் என நால்வர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று கொள்வோம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் உச்ச நீதிமன்றம் 2009இல் சர்லா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி கணக்கிடும். எதிர்கால வருமான உயர்வுக்காக நாற்பது சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கம் 16. ஆக 30,24,000 ரூபாய். இறுதிச் சடங்கு முதலான சிறு தொகைகள் தனி, வட்டி தனி. இன்ஷூரன்ஸ் இருந்தால் மரணத்துக்கும் காயத்துக்கும் இத்தொகையை வரம்பின்றி நிறுவனம் தர வேண்டும். இல்லையென்றால் வண்டியின் உரிமையாளர் தர வேண்டும். முப்பது லட்சம் தர முடியாமல் ஒருவர் மௌத்தாகிவிட்டால், அது கடனோடு போன மௌத்து. கடனாளியின் ஜனாஸாவை முன்னின்று தொழவைக்க நபியவர்கள் தயங்கி, தோழர் ஒருவர் அக்கடனை ஏற்ற பின்னரே தொழவைத்த செய்தி புகாரியில் இருக்கிறது.

அந்த முப்பது லட்சத்துக்கு எதிரே நிற்கும் பிரீமியம் என்ன? 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1500 சி.சி. வரை 3,416. அதற்கு மேல் 7,897. ஜி.எஸ்.டி. தனி. வெளிநாடுகள் பலவற்றில் இருபத்தைந்து வயது என்றாலே பிரீமியம் கழுத்தை நெரிக்கும். இங்கே மூன்றாம் நபர் கட்டணம் ஓட்டுநரின் வயதைப் பார்ப்பதே இல்லை. அரசு நிர்ணயித்த ஒரே தொகைதான். எந்த நிறுவனத்தில் கேட்டாலும் மாறாது. எனவே "தேர்டு பார்ட்டி நான் பாதி விலைக்குப் போட்டுத் தர்றேன்" என்று எவராவது சொன்னால் அவர் தருவது பாலிசி அன்று, வெறும் காகிதம். போலிச் சான்றிதழ்கள் உலவுகின்றன. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

விலை ஏறி இறங்குவது 'ஓன் டேமேஜ்' எனும் சொந்தச் சேதப் பகுதியில்தான். அது கட்டாயமில்லை. அதனைத் தவிர்த்து மூன்றாம் நபர் மட்டும் போட்டால் மார்க்கத்தில் ஐயமுள்ள பகுதியும் குறைகிறது, செலவும் குறைகிறது. பேணுதலும் பணப்பையும் ஒரே திசையில் செல்லும் அபூர்வமான இடம் இது! ஆனால் ஃபைனான்ஸில் வாங்கியவருக்கு இவ்வழி அடைபட்டிருக்கும். கடன் முடியும் வரை முழுப் பாலிசி வேண்டும் என்று கொடுத்தவர் நிபந்தனை வைத்திருப்பார். வட்டியில் கார் வாங்கியவர் இன்ஷூரன்ஸிலும் கூடுதலாகக் கட்டுகிறார். சேமித்த பணத்துக்குள் அடங்கும் பழைய வண்டியை ரொக்கத்தில் வாங்கியிருந்தால் இரண்டிலிருந்தும் தப்பியிருக்கலாம்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போட்ட சொந்தக் காரில், உள்ளே அமர்ந்து வரும் உம்மாவும் மனைவியும் குழந்தையும் 'மூன்றாம் நபர்' அல்லர். கட்டணமின்றிக் காரில் வருகிறவர்களுக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது என்று உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. முழுப் பாலிசியில் அவர்களுக்கும் பொறுப்பு உண்டு. மூன்றாம் நபர் மட்டும் போடுகிறவர், பயணிகளுக்கான விபத்துக் காப்பைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். ஏஜெண்ட் தாமாகச் சொல்ல மாட்டார். ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு கட்டாயம். வேறு வண்டியிலோ தனிப் பாலிசியிலோ அது ஏற்கெனவே இருந்தால் மறுபடி கட்டத் தேவையில்லை. இதையும் அவர் சொல்ல மாட்டார்.

முழுப் பாலிசியே வேண்டியிருப்பவர் மலிவாகப் பெற நேர்மையான வழிகள் இருக்கின்றன. மூன்று நான்கு இடங்களில் விலை கேளுங்கள். ஷோரூமில்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எட்டு வயது வண்டிக்குத் தலையில் கட்டப்படும் துணைக் காப்புகளை ஒவ்வொன்றாக 'இது எதற்கு' என்று கேட்டு நீக்குங்கள். சிறு சேதங்களை நாமே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு தொகையை ஏற்றுக்கொண்டால் பிரீமியம் இறங்கும். வண்டியின் மதிப்பை மட்டும் பொய்யாகக் குறைக்காதீர்கள். திருடு போனால் கிடைப்பதும் அந்தக் குறைந்த தொகைதான். இவற்றைவிட முக்கியமானது 'நோ க்ளெய்ம் போனஸ்'. ஓராண்டு இழப்பீடு கோராமல் ஓட்டினால் சொந்தச் சேதப் பகுதியில் 20 சதவீதம் தள்ளுபடி. ஐந்தாண்டுகளில் அது 50 சதவீதம் வரை வளரும். பாலிசி முடிந்து 90 நாள் கடந்துவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

அந்தப் போனஸ் மனிதருக்குரியது, வண்டிக்குரியது அன்று. பழைய கார் வாங்குகிறவர் விற்றவரின் போனஸைத் தமதென்று எழுதினால் அது பொய்; க்ளெய்ம் நேரத்தில் பொய் வெளியாகும், பணம் மறுக்கப்படும். நிறுவனத்தை ஏமாற்றுவது பாவமில்லை என்று சிலர் வாய்கூசாமல் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். ஒப்பந்தத்தில் பொய்யுரைப்பதற்கு எந்த மத்ஹபில் சலுகை இருக்கிறது? லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளில் சிலரும் இதே வழியில் போகிறார்கள். இளைஞருக்கு அங்கே பிரீமியம் மிக அதிகம் என்பதால், மகன் ஓட்டும் காருக்கு வாப்பாவை முதன்மை ஓட்டுநர் என்று எழுதுவது. அந்நாட்டில் அதற்கு மோசடி என்றே பெயர்.

நம் பக்கத்து மோசடி 'ஓன் போர்டு' வாடகை. வெள்ளைப் பலகைச் சொந்தக் காரில் திருச்சி விமான நிலையத்திலிருந்து சபுராளிகளை ஏற்றி வந்து காசு வாங்குவது. மஞ்சள் பலகைக்குரிய வரியும் பிரீமியமும் மிச்சம் என்று எண்ணுகிறார்கள். நமக்குத் தெரிந்த குடும்பத்தில் ஓர் இளைஞர் இப்படி ஓட்டினார். பாலிசி காலாவதியாகி நான்கு மாதம்; 'அடுத்த ட்ரிப்பில் கட்டிடலாம்' என்று தள்ளிப்போட்டு வந்தார். ஃபஜ்ருக்கு முந்தைய இருட்டில் சைக்கிளில் வந்தவர் மீது மோதிவிட்டார். அவர் உயிர் பிழைத்தார், கால் போயிற்று. இளைஞரின் வாப்பா இருபது ஆண்டு வளைகுடாவில் உழைத்து வாங்கிய மனை விலைக்கு வந்தது. வண்டியின் ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்ததால், எப்போதோ விற்றுவிட்டு நிம்மதியாக இருந்த அந்த மனிதரும் வழக்கில் இழுக்கப்பட்டார். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்பது 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த சட்டம். விற்பவர்கள் இதை மறவாதீர்கள். வாங்குகிறவர்கள் பதினான்கு நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றுங்கள்.

பழியை இளைஞர்கள் மீது மட்டும் போட்டுவிட்டு ஆலிம்களாகிய நாம் ஒதுங்க முடியாது. மிம்பரில் 'இன்ஷூரன்ஸ் ஹராம்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு இறங்கியவர்கள் நாம்தாம். மலேசியாவில் 1984லேயே தக்காஃபுலுக்குச் சட்டம் வந்தது. இலங்கையில் 1999 முதல் அமானா தக்காஃபுல் நடக்கிறது. இந்தியாவில் உரிமம் பெற்ற தக்காஃபுல் நிறுவனம் இல்லை. அது இல்லை என்று வருந்துகிற ஜமாஅத்துகள், பெண் வீட்டார் சீராகக் காரும் தர வேண்டும் என்று பேசப்படும் நிகாஹ் சபைகளில் வாய்மூடி உட்கார்ந்திருக்கின்றன. பெட்ரோல் போடவே திணறும் இருபத்தைந்து வயதுப் பையன் வீட்டு வாசலில் மாமனார் தந்த கார் நிற்கிறது. இரண்டாம் ஆண்டு அதற்கு இன்ஷூரன்ஸ் இல்லை. பைத்துல்மாலில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஒப்பந்தமாக அன்றிக் கொடையாக, மூன்றாம் நபர் பிரீமியம் கட்ட இயலாத ஏழை ஓட்டுநர்களுக்கு உதவுவது எந்த ஜமாஅத்துக்கும் இயலாத காரியமன்று. நம் மஹல்லா நிர்வாகத்திடம் இக்கோரிக்கையை எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

அந்த மாணவர் மறுவாரம் மறுபடி வந்தார். ஃபைனான்ஸ் இருப்பதால் முழுப் பாலிசியே போட வேண்டியதாயிற்று. நான்கு இடங்களில் விசாரித்திருக்கிறார். ஏஜெண்ட் அவருடைய ஓராண்டுப் போனஸைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேண்டாத மூன்று துணைக் காப்புகளை மட்டும் சேர்த்திருந்தார். எல்லாம் சரிசெய்தபின் பதினான்காயிரம் 9,700 ஆயிற்று. மீதமான பணத்தைத் தவணையில் முன்கூட்டியே கட்டிவிட்டதாகச் சொன்னார். கடன் முடிய இன்னும் பதின்மூன்று மாதங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு மூன்றாம் நபரும், உம்மாவுக்கும் தங்கைக்கும் பயணிகள் காப்பும் மட்டும் போதுமா என்று கேட்டார். போதும் என்றோம்.