மெழுகு பூசிய சாவி

"சார், பேண்ட் போயிருச்சு!"

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் வருடம், ஒரு சாயங்காலம் இப்படிக் கத்திக்கொண்டு கைடு அறைக்கு ஓடினேன். வெஸ்டர்ன் பிளாட் படத்தைப் பார்த்தவர், "அப்புறம் என்ன, எழுத ஆரம்பிங்க" என்றார். அடுத்த ஒன்றரை வருடம் அந்தப் படத்தை நம்பியே ஓடியது.

நாங்கள் கொண்டாடியது இதைத்தான். ஒரு புரதத்தைத் தேட ஆன்டிபாடி வாங்குகிறோம். பல சமயம் அது, அந்தப் புரதத்தின் சிறு துண்டைப் பெப்டைடாகச் செயற்கையாகத் தயாரித்து, முயலுக்கு ஊசி போட்டு எடுத்தது. அதே பெப்டைடை 'பிளாக்கிங் பெப்டைட்' என்று தனிக் குப்பியிலும் விற்கிறார்கள். அதை ஆன்டிபாடியோடு நிறையக் கலந்து ஊறவைத்தால், ஆன்டிபாடி புரதத்தைப் பிடிக்கும் இடங்கள் முன்பே நிரம்பிவிடும். பிளாட்டில் பேண்ட் மறையும். மறைந்தால் ஆன்டிபாடி சரியானது என்று முடிவுகட்டுவார்கள்.

இது அபத்தம் என்கிறேன். உங்கள் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டையும் திறக்கிறது என்று வையுங்கள். சாவிப் பல்லில் மெழுகை அப்பினால் இரண்டு பூட்டுமே திறக்காது. உடனே "இது என் வீட்டுக்கு மட்டுமான சாவி" என்று சொல்வீர்களா? ஆன்டிபாடி தவறான புரதத்தைப் பிடிப்பதும் அதே இடத்தால்தான். பெப்டைட் அடைத்ததும் சரியான பேண்ட், தவறான பேண்ட் ரெண்டும் சேர்ந்தே போயிரும். பெப்டைட் போட்ட பிறகும் பேண்ட் மறையவில்லை என்றால், அது வேறெங்கிருந்தோ வந்த குப்பை என்று தெரியும். ஆக, இந்தச் சோதனையால் ஃபெயில் ஆக்க முடியும், பாஸ் போட முடியாது.

எனக்கு உண்மை தெரிந்தது, அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செயலிழக்க வைத்த நாக்-அவுட் செல்களை ஒரு நண்பர் கொடுத்தபோது. புரதமே இல்லாத இடத்தில் பேண்ட் அதே தடிமனில் நின்றது.

இது என் ஒருவனுடைய துரதிர்ஷ்டம் இல்லை. 2016-ல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் ஒரு அறிஞர் குழு ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஐந்து வழிகளை முன்வைத்தது. பிளாக்கிங் பெப்டைட் அதில் ஒன்றாக இல்லை. 2023-ல் ஈலைஃப் இதழில் வந்த ஆய்வு, 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்-அவுட் செல்களை வைத்துச் சோதித்தது. சோதனையில் தோற்ற ஆன்டிபாடிகளை நம்பி, ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12 கட்டுரைகள் ஏற்கெனவே வெளியாகியிருந்தன.

"நாக்-அவுட்டுக்குக் காசு எங்கேப்பா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புரதம் இயல்பாகவே இல்லாத செல் கிடைக்கலாம். புரதத்தின் வேறு பகுதியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியோடு ஒப்பிடலாம். எதுவும் முடியாவிட்டால், "சரிபார்க்கவில்லை" என்று கட்டுரையில் எழுத ஒரு பைசா ஆகாது. காசில்லை என்பதற்காகப் பொய்ச் சான்றிதழ் ஒட்டுவது வறுமை இல்லை, ஏமாற்று. அதற்காகச் செத்த எலிகளும் உண்டு, கரைந்த இளமையும் உண்டு.

வைவா எடுக்க வரும் பேராசிரியர்களே, காணாமல்போன பேண்டைக் காட்டும் மாணவரிடம் கைதட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "அந்தப் புரதமே இல்லாத செல்லுல என்ன தெரிஞ்சுது?" என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை.